கண்ணாடிக் கூரை போட்ட சந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நடுராத்திரி தாண்டி எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் வேலை. சின்னவன் இப்போதுதான் கண்ணை மூடினான். பெரியவளுக்கு இரண்டு நாளாக இருமல். ஒரு காதை அவள் அறையில் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று கவுன்சிலிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஜெராக்ஸ் தாள்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பிரித்தேன். ஆங்கில வரிகளுக்கு நடுவே உங்கள் பெயர், தமிழில். கடைசி எழுத்தின் வாலைத் தாளின் ஓரம் வரைக்கும் இழுத்து, அதன் அடியில் இரண்டு புள்ளி. ஒரு தாளில் அல்ல, இருபது தாள்களில். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது எனக்குத் தெரியவேயில்லை.

நீங்கள் லண்டனை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. டொராண்டோவில் தம்பி வீட்டில் இருக்கிறீர்கள், முழங்கால் வலி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. முகவரியை அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் உங்கள் மச்சாளிடம் போய்க் கேட்டு வாங்கினேன். அவர் லேசில் தரவில்லை. "நீர் ஆர்? அவ இப்ப ஆரோடையும் கதைக்கிறேல்லை. உமக்கு என்னத்துக்கு?" என்று என்னையும் என் இரட்டைக் குழந்தை வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்கேட்டில் பழக்கம் என்றேன். "அந்தப் பாழ்பட்ட ஆர்கேட்டோ?" என்று கேட்டபடியே பேனாவை எடுத்தார். அந்த ஒரு சொல்லில் நாங்கள் இருவரும் உறவாகிவிட்டோம்.

ஆமாம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் கடைகள் வைத்த அந்த ஆர்கேட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். "நம் ஆர்கேட்" என்று எழுதவந்து கையை நிறுத்திக்கொண்டேன். ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு நீங்கள் திருத்தினீர்கள்: "எங்கட எண்டு சொல்லாதேயும். அது ஒருநாளும் எங்களைத் தன்ர எண்டு சொன்னதில்லை."

அதன் வரலாறு இப்போது எனக்கு மனப்பாடம். பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று முளைத்திருக்கிறது. பளபளவென்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டு வீட்டுக்கு வீடு தள்ளிவிட்டுப் போனார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு துணி வியாபாரி இதைக் கட்டினாராம். தொலைநோக்கு உள்ளவராம், கலை உள்ளம் படைத்தவராம். நான் கல்லூரியில் வரலாறு படித்தவள், அதனால் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் படித்தேன். அவர் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு சேற்றுச் சந்து இருந்திருக்கிறது. சந்தைத் தெருவிலிருந்து ரயில் நிலையப் பக்கம் போக ஊர் மொத்தமும் அதில்தான் நடந்திருக்கிறது. இவர் இரண்டு பக்கத்து வீடுகளையும் வாங்கினார். மேலே கண்ணாடியைப் போட்டார், கீழே ஓடு பதித்தார், இந்த முனையிலும் அந்த முனையிலும் இரும்புக் கதவு வைத்தார். மறுநாளிலிருந்து சந்து அவருடையது. நடந்து போகிற ஜனங்களின் தலைக்குமேல் ஒரு கூரையைப் போட்டு, இனி என் தயவில் நடங்கள் என்று சொல்வதற்குப் பெயர் கலை உள்ளம்.

சீமாட்டிகள் நனையாமல் கையுறை வாங்க வருவார்கள் என்பது அவர் கணக்கு. கொஞ்ச காலம் வந்தார்களாம். அவர்களுக்காக இரும்புத் தூண்களில் இலை, கொடி, தூணுக்கு மேலே சுண்ணாம்பில் கன்னம் உப்பிய தேவதைக் குழந்தைகள். பெரிய வீதியில் பெரிய கடைகள் வந்ததும் சீமாட்டிகள் அங்கே போய்விட்டார்கள். கையுறைக் கடை போய்ச் செருப்புத் தைக்கிறவர் வந்தார், குடைக்கடை போய் அடகுக்கடை வந்தது. போர்க்காலத்தில் பாதிக் கூரை நொறுங்கியது. அந்த இடத்தில் தகரம் போட்டு, தேவதைகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். அதற்குப் பிறகு பிரசுரத்தில் ஒரே ஒரு வரி: "பிற்காலத்தில் சீரழிவு." அவ்வளவுதான்.

அந்தச் சீரழிவு நீங்கள்தான், அக்கா. நீங்களும், எதிர்க்கடையில் தலை பின்னிவிடும் நைஜீரிய அம்மாவும், மூலையில் சாவி வெட்டும் துருக்கிக்காரரும். வேறு எவனும் சீந்தாத இடத்தில் இருபது வருடம் விளக்குப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அரை வரிகூட இல்லை. தேவதைகளின் மூக்குக்கு ஒரு பத்தி இருக்கிறது.

உங்களை முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? பெரியவள் பிறந்து ஏழு வாரம். அவளை வெளியே கொண்டுபோனால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த நான், அன்று தடுப்பூசிக்காகக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் வண்டி, ஓட்டமாக ஆர்கேட்டுக்குள் நுழைந்தேன். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டில் அந்தக் கிழக் காவல்காரர் குறுக்கே வந்து நின்றார். விரலை உயர்த்திச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். தங்க எழுத்தில் விதிகள்: ஓடக் கூடாது. குடை விரிக்கக் கூடாது. விசிலடிக்கக் கூடாது. பெரிய மூட்டை சுமக்கக் கூடாது. குழந்தை வண்டி தள்ளக் கூடாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் நீங்கள் கடை வாசலில் வந்து நின்றீர்கள், ஸ்வெட்டருக்கு மேலே இன்னொரு ஸ்வெட்டரோடு.

"தமிழோ?" என்றீர்கள்.

"ஆமா."

"பிள்ளை, நீர் வந்த உடன மூண்டு சட்டத்தை முறிச்சுப் போட்டீர். இனி ஒரு விசிலும் அடிச்சீரெண்டால் மனுசன் மயங்கி விழுந்திடும்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. காவல்காரரிடம் திரும்பி, நீங்கள் பாதி ஜெர்மன் கலந்த இங்கிலீஷில், இந்தச் சட்டத்தை எழுதிய ஆள் உயிரோடு இருந்தால் கூட்டி வரச் சொன்னீர்கள், பேசிக்கொள்ளலாம் என்று. அவர் முனகிக்கொண்டே போனார். "உதை ஆர் கேட்டது?" என்று பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை நீங்களே உள்ளே இழுத்தீர்கள். இதை யார் கேட்டது என்ற அந்த ஒரு கேள்விதான் உங்கள் சட்டப் புத்தகம். பெரிய மனுஷத்தனமாக எது வந்தாலும் அதைத்தான் கேட்பீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தேன். போன் கார்டு வாங்குகிற சாக்கில் வந்தேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அம்மாவிடம் பேசுவதைவிட உங்களிடம் பேசுவதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள், நீங்கள் திட்டுவீர்கள். குழந்தை மூச்சு விடுவது வேகமாக இருக்கிறதோ என்று நான் கேட்டால், "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா உற்றுப் பாத்தால் எனக்கும்தான் மூச்சு வேகமாய் வரும்" என்பீர்கள்.

கேசட்டில் தொடங்கி, வீடியோவாகி, போன் கார்டில் வந்து நின்ற கடை. மாடியில் ஓர் அறை. அதன் ஜன்னல் தெருவைப் பார்க்காது, ஆர்கேட்டுக்குள்ளேயே திறக்கும். வெயிலுக்குப் பதில் ட்யூப் லைட். அங்கேயே குடியிருந்தவர் நீங்கள் ஒருவர் என்பதால் ஆர்கேட்டின் சாவியும் உங்களிடம்தான் இருந்தது. கூரை ஒழுகுகிற இடங்களில் நீங்கள் வைத்த வாளிகள் ஏழு. மழை நின்று அரைமணி நேரம் கழித்தும் அவை சொட்டுச் சொட்டென்று நிரம்பிக்கொண்டிருக்கும். "வெளியில விட்டிட்டுது. உள்ளுக்குத்தான் இன்னும் மழை" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வீர்கள். சொந்தக்காரக் கம்பெனிக்கு எத்தனை தரம் சொன்னீர்கள்! கூரையைப் பார்க்க ஒருவன் வந்தான். தேவதைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆர்கேட்டைப் புதுக் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது. கடைகளை எல்லாம் எடுத்து, மேலும் கீழும் ஃப்ளாட் போடப்போகிறார்கள். நடுவே நாம் நடக்கிற இடம் ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு முற்றமாம். இரு முனையிலும் நம்பர் தட்டினால் திறக்கிற கேட். பலகையை மட்டும் புதுப்பித்து அங்கேயே மாட்டப்போகிறார்கள், பழமைக்காக.

கட்டிடம் இடிந்தாலும் நின்றாலும் எனக்கு ஒன்றுதான். அந்தத் தேவதைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். எனக்கு வேண்டியது வழி. பெரியவளின் நர்சரி அந்தப் பக்கம், டாக்டர் அந்தப் பக்கம், ஸ்டேஷன் அந்தப் பக்கம். ஆர்கேட்டை மூடினால் பெரிய வீதியைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த நடைபாதை உங்களுக்குத் தெரியும், பாலத்துக்குக் கீழே இரண்டு முழம் அகலம். இரட்டை வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் விளிம்பில்தான் ஓடும். போன மாதம், கேட்டுக்கு அளவெடுக்க இரண்டு நாள் ஆர்கேட்டை அடைத்திருந்தபோது அப்படித்தான் போனேன். லாரியின் பக்கக் கண்ணாடி வண்டியின் மேல் துணியைக் கிழித்துக்கொண்டு போனது. சின்னவன் தலைக்கு மேலே ஒரு சாண். லாரி நிற்கவே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர், "கேட்டைப் போட்டா பொறுமையா சுத்திப் போ. இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? நமக்கே இன்னும் விசா முடிவாகல, கம்பெனிக்காரனோட எல்லாம் எதுக்கு மோதல்?" என்றார். ஒரு சனிக்கிழமை இரண்டையும் வண்டியில் வைத்து நீங்களே போய் வாருங்கள் என்று அனுப்பினேன். போய் வந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "லாரி ரொம்பப் பக்கமா வருது" என்றார். அதற்குப் பிறகு விசாவைப் பற்றிப் பேசவில்லை.

கவுன்சிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். பாதுகாப்புச் சங்கத்தார் முன்வரிசையில் கம்பளிச் சால்வைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கேட் வருவது அவர்களுக்குப் பிரமாதமான யோசனை. ராத்திரியில் யாரும் வந்து தேவதைகளைச் சேதப்படுத்த மாட்டார்கள் அல்லவா! அவர்களில் ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி மிகுந்த கனிவோடு, "உங்கள் நாட்டிலும் இதுபோல அழகான பஜார்கள் இருக்குமே, உங்களுக்கு இதன் அருமை தெரியும்" என்றார். உங்கள் குரல் எனக்குள் கேட்டது. அதை மொழிபெயர்க்காமல் விட்டேன்.

அங்கே கவுன்சிலின் வழித்தடப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் பேசினாள். என் வயதுதான் இருக்கும். தனியார் இடமாகவே இருந்தாலும், ஜனங்கள் இருபது வருடம் இடைவிடாமல், யாரும் தடுக்காமல் நடந்திருந்தால் அது பொதுவழி என்று கேட்க முடியுமாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதனால்தான் சொந்தக்காரர்கள் வருடத்தில் ஒரே ஒரு நாள், வழக்கமாகக் கிறிஸ்மஸ் அன்று, கதவை இழுத்துப் பூட்டுவார்களாம். ஒரு நாள் பூட்டினால் போதும், மற்ற நாள் எல்லாம் நாம் நடந்தது அவர்கள் தயவில் நடந்ததாக ஆகிவிடுகிறது. எவ்வளவு சின்னப் புத்தி பாருங்கள். விக்டோரியா காலத்திலிருந்து இதையே செய்கிறார்களாம், பரம்பரைப் பெருமை மாதிரிச் சொன்னான் கம்பெனி வக்கீல்.

பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். கறுப்பு அட்டை, நீள வாட்டில். வருடத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்த ஒரு வரி: டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி இரு கதவுகளும் நாள் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும், சாவி வைத்திருப்பவர் அதற்குப் பொறுப்பு. அதற்குக் கீழே கையெழுத்து. "என்ன மொழியென்று தெரியவில்லை, ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே ஆள்தான்" என்று தூக்கிக் காட்டினான். முன்வரிசை சிரித்தது.

மூன்றாம் வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வால்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னால், பெரியவளை உங்கள் கவுண்டரில் படுக்கவைத்து நாப்கின் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய கம்பெனியின் குமாஸ்தா வந்தார், ஈரக் குடையோடு. சிவப்புக் கட்டம் போட்ட ஒரு பிஸ்கட் டின்னைக் கவுண்டரில் வைத்தார், அதன்மேல் இந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். நீங்கள் போட்டீர்கள். அவர் "மெரி கிறிஸ்மஸ்" சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்.

"என்னக்கா கையெழுத்து அது?"

"பிஸ்கட்டுக்கு."

"பிஸ்கட்டுக்கா?"

"ஓம். வருசத்துக்கு ஒரு டின் தாறவங்கள். தந்தது எண்டு காட்ட வேணுமெல்லோ. உமக்குத் தெரியாது பிள்ளை, ஜெர்மனியில அகதி முகாமில நாங்கள் சவுக்காரக் கட்டிக்கும் கையெழுத்து வச்சனாங்கள். போர்வைக்கு ஒண்டு, பாண் துண்டுக்கு ஒண்டு. வெள்ளைக்காரன் சும்மா ஒரு சாமானும் தர மாட்டான், கையில பேனையைத் தந்திட்டுத்தான் தருவான்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பிஸ்கட் டின்னில என்னத்தைப் படிக்கிறது? இந்தாரும், வீட்டை கொண்டு போம். எனக்குச் சீனி வருத்தம்."

டின்னை வாங்கிக்கொண்டேன். எம்.ஏ. படித்தவள் நான். புத்தகம் ஒரு நிமிடம் என் முழங்கைக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர்களுக்கு எல்லாம் தெரியும், அக்கா. இரும்புக் கதவு துருப்பிடித்துப்போய் அசையாது என்று நீங்கள் அவர்களுக்குச் சொன்னதும் தெரியும், சரிசெய்ய ஆள் அனுப்பாததும் தெரியும். கதவைப் பழுது பார்க்கச் செலவாகும், கையெழுத்து என்றால் ஒரு டின்னோடு முடிந்துவிடும். நேரில் வந்து பூட்டக்கூட வக்கில்லாமல், முகாமில் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஒரு கையைப் பிடித்து இருபது வருடம் கதவைக் காகிதத்திலேயே பூட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கிறிஸ்மஸ் நாளை நான் எப்படி மறப்பேன்? பெரியவளுக்கு அப்போது நான்கு மாதம். காலையில் தொட்டால் சுட்டது. என் வீட்டுக்காரர் தன் அப்பாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தார். பஸ் இல்லை, ரயில் இல்லை. டாக்ஸிக்கு இரண்டு மணி நேரம் என்றார்கள், அதற்கு மேல் போனையே எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடும் அளவுக்கு மோசமா என்று எனக்குத் தெரியவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. வண்டியில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆர்கேட் மூடியிருக்கும் என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள், சுற்றித்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கதவு அகலத் திறந்து கிடந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை, ஆர்கேட்டுக்குள் அவ்வளவு ஜனம். பஸ் ஓடாததால் ஷிப்டுக்கு நடந்து போகிற நர்ஸுகள், துப்புரவு வேலை முடித்து நடந்து வருகிறவர்கள். உங்கள் கடை வாசலில் வரிசை. உலகத்தில் உள்ள எல்லா அம்மாக்களுக்கும் அன்றைக்குத்தான் போன் போட வேண்டும்.

"என்ன பிள்ளை, முகம் உப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டே வரிசையை விலக்கி வந்து குழந்தையின் வயிற்றில் கையை வைத்தீர்கள். அடுத்த நொடி கோட்டை எடுத்தீர்கள். வரிசையில் நின்றவர்களிடம், "எடுக்கிறதை எடுங்கோ, காசை டப்பாவில போடுங்கோ" என்று இங்கிலீஷில் கத்திவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்கள்தான் தள்ளினீர்கள். காதில் சீழ் என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். சாயங்காலம் அதே ஆர்கேட் வழியாகத் திரும்பினோம்.

"இன்னைக்குப் பூட்டியிருக்கும்னு போட்டிருந்தாங்களே அக்கா?"

"பூட்டுறதுக்குக் கதவு அசைய வேணுமெல்லோ? நான் வந்த நாளிலயிருந்து அது அப்பிடியே நிக்குது. துரு பிடிச்சு நிலத்தோட ஒட்டிப் போச்சு. அதோட, பூட்டிப் போட்டு நான் எங்க போறது? என்ர வீட்டு வாசலும் உதுதானே."

இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கவுன்சில் பெண்ணிடம் சொன்னேன். அவள் கவனமாகக் குறித்துக்கொண்டாள்; இன்று உறையில் வந்த நகல்களை அனுப்பியதும் அவள்தான். நீங்கள் பார்த்தது ஒரு கிறிஸ்மஸ், புத்தகத்தில் இருப்பது இருபது என்றாள். சாவி வைத்திருந்தவரே சொன்னால் வேறு. நர்ஸ் ஒருத்தியும், துருக்கிக்காரரும் கடிதம் தந்திருக்கிறார்கள். ஆனால் கிறிஸ்மஸ் அன்று அவர்கள் அந்த வழியாக வந்தது சில வருடங்கள்தான். இருபது கிறிஸ்மஸும் அங்கேயே இருந்தவர் நீங்கள் ஒருவர்.

இதை எழுதினால் பொய்க் கையெழுத்துப் போட்டதாக உங்கள்மேல் ஏதாவது வருமா என்று மூன்று தடவை கேட்டேன். டின்னுக்கு என்று நினைத்துப் போட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், கதவு மூடியதா இல்லையா என்பதுதான் எங்களுக்கு வேண்டும் என்றாள். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். ஆனாலும் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் பயந்துகொண்டேதான் கேட்கிறேன். நீங்கள் முடியாது என்றால் நான் ஒரு சொல் பேசமாட்டேன்.

பேச எனக்கு வாயும் இல்லை. கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, "நீர் படிச்சனீர், எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்று என்னிடம்தான் கேட்டீர்கள். நாளைக்கு என்றேன். குழந்தைக்குச் சளி என்றேன். பிறகு மறுபடியும் நாளைக்கு. நான்காவது தடவை நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் வந்து பார்த்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது. நைஜீரிய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார். கம்பெனிக்காரர்களைத் திட்டி இவ்வளவு எழுதினேனே, அதில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டியது. அவர்கள் அந்நியர்கள், நான் உங்கள் டின்னை வாங்கித் தின்றவள்.

ஆனால் உங்களிடமிருந்து ஒன்று என்னோடு தங்கிவிட்டது. ஆர்கேட்டுக்குள் போகும்போது இப்போதெல்லாம் நான் ஓரமாகப் போவதில்லை. இரட்டை வண்டியை நட்டநடுவே தள்ளிக்கொண்டு போகிறேன், நீங்கள் அன்று தள்ளியது போல. எதிரே வருகிறவர்கள் விலகிக்கொள்கிறார்கள். வீட்டில் இருமல் கேட்டாலே நடுங்குகிற எனக்கு அந்த முந்நூறு அடி தூரம் மட்டும் பயம் இல்லை.

இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் கடிதம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அவர்களே ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்வார்கள். எந்த வருடம் வந்தீர்கள், எந்த வருடம் போனீர்கள், கதவு எப்படி இருந்தது, கிறிஸ்மஸ் அன்று என்ன செய்தீர்கள், இந்த நான்கும் போதும். அவர்கள் முகவரி எழுதிய உறையை இதற்குள் வைத்திருக்கிறேன். எழுத விருப்பமில்லை என்றாலும் அதையாவது எனக்கு ஒரு வரியில் சொல்லுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.